ஜெனரேட்டர் குடிக்கும் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் எத்தனை யூனிட் மின்சாரம் இருக்கிறது?

"பெட்ரோலை லிட்டரில் அளக்கிறோம், கரண்டை யூனிட்டில் அளக்கிறோம். இரண்டையும் எப்படி ஒன்றாகப் பேசுவது?" என்று கேட்பீர்கள். பேசலாம். இரண்டுமே ஆற்றல்தான். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் வீட்டு மீட்டரில் ஏறுவது ஒரு யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலை மிச்சமில்லாமல் எரித்து, அதில் வரும் வெப்பத்தையும் இதே அளவுகோலால் அளந்தால் ஏறக்குறைய 9 யூனிட் வருகிறது.

9 யூனிட் என்றால் 9000 வாட்-மணி. உங்கள் படிப்பு மேசையில் இருக்கும் எல்.இ.டி. பல்பு 9 வாட் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: 1000 மணி நேரம்! இரவு பகலாக 41 நாட்களுக்கு மேல் அந்தப் பல்பு எரியலாம்.

இது காகிதக் கணக்கு. இப்போது கரண்ட் போன ஒரு ராத்திரியில், ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் ஊற்றி, அந்த ஒற்றைப் பல்பை மட்டும் எரிய விடுங்கள். சில மணி நேரத்தில் டேங்க் காலியாகி ஜெனரேட்டர் நின்றுவிடும். ஆயிரம் மணி நேரம் எங்கே, சில மணி நேரம் எங்கே? மீதியை யார் குடித்தது?

அந்தத் திருடனைப் பிடிக்க ஜெனரேட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் எஞ்சின், கிட்டத்தட்ட மோட்டார் பைக்கில் இருப்பதைப் போன்றவர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எரித்து, சூடான வாயு விரியும் வேகத்தில் பிஸ்டனைத் தள்ளி, ஒரு தண்டைச் சுற்ற வைப்பது இவர் வேலை. இன்னொருவர் அந்தத் தண்டோடு சேர்ந்து சுற்றும் காந்தமும், அதைச் சூழ்ந்த செம்புக் கம்பிச் சுருளும். காந்தம் சுற்றச் சுற்றக் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்ற வித்தையை 1831இல் லண்டனில் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. பள்ளிக்கூடப் படிப்பை அதிகம் பார்க்காதவர், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தவர். இன்றைக்கும் மேட்டூர் அணையிலிருந்து கல்யாண மண்டபத்து வாசல் வரை சுற்றுவது அவருடைய வித்தைதான்.

செம்புச் சுருளைக் குறை சொல்ல முடியாது. தண்டு கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை மின்சாரமாக மாற்றிவிடும். விரயம் எஞ்சினில்தான். எரிந்த பெட்ரோலின் வெப்பத்தில் பெரிய பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாக வெளியேறிவிடுகிறது. இன்னொரு பங்கு எஞ்சின் உடம்பைச் சூடாக்கி, அதன் மேல் இருக்கும் வரிவரியான தகடுகள் வழியே காற்றில் கலக்கிறது. உராய்வும் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. கடைசியில், நல்ல சின்ன ஜெனரேட்டராக இருந்தாலும், 9 யூனிட்டில் ஒன்றரை, ஒன்றே முக்கால் யூனிட் கரண்டாக வெளியே வந்தால் அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஜெனரேட்டர் தெருவையே எழுப்புகிற மாதிரி கத்துகிறதே, அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்று நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒலியாகப் போகும் ஆற்றல் ஒரு வாட்டுக்கும் குறைவு. நம் காது அவ்வளவு நுட்பமானது. அற்ப ஆற்றலைக்கூடப் பெரிய கூச்சலாகக் கேட்டுவிடும். ஆகவே சத்தம் போடுகிறவரைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை. உண்மையான திருடன் சத்தமே போடாத வெப்பம்.

சரி, வெப்பம் பெரும்பகுதியைக் கொண்டுபோனாலும் ஒன்றரை யூனிட்டாவது மிஞ்ச வேண்டுமே? 9 வாட் பல்பு அதில் 160 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டுமே? அதுவும் நடக்கவில்லை. இன்னொரு திருடனும் இருக்கிறான்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். சாதாரண வீட்டு ஜெனரேட்டரில் காந்தம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் அலை. நொடிக்கு 50 அலை வேண்டுமானால் நொடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று. இதில் கூடவும் கூடாது, ரொம்பக் குறையவும் கூடாது. ஒரு பல்பு எரிந்தாலும் 3000, பத்து ஃபேன் ஓடினாலும் 3000. பல்பே இல்லாமல் சும்மா நின்றாலும் 3000! பிஸ்டன் ஏறி இறங்க வேண்டும், தண்டு சுற்ற வேண்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி ஓட வேண்டும். இதற்கெல்லாம் பெட்ரோல் வேண்டும். ஒரே ஒரு பயணியோடு கடைசி டிரிப் அடிக்கும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பயணி ஒருவர்தான் என்பதற்காக டீசல் அறுபதில் ஒரு பங்கா செலவாகும்?

ஆனால் லோடு கூடினால் பெட்ரோல் கூடுவதும் உண்மை. கல்யாண வீட்டு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? உள்ளே யாரோ கிரைண்டரைப் போட்டதும் இங்கே எஞ்சின் ஒரு கணம் தொண்டை அடைத்தது போல் தடுமாறி, பிறகு கனத்த குரலில் உறுமும். உள்ளே ஓடிய கிரைண்டர் வெளியே இருக்கும் எஞ்சினுக்கு எப்படித் தெரிந்தது? நடுவில் இருப்பது வெறும் ஒயர்தானே?

இதை நீங்களே விரலால் உணரலாம். உடைந்த பொம்மைக் காரிலிருந்து சின்ன மோட்டாரைக் கழற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி வேண்டாம். சுவர் பிளக் பக்கமே போக வேண்டாம். மோட்டாரின் தண்டில் சின்னச் சக்கரம் இருந்தால் நல்லது. இரண்டு ஒயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சக்கரத்தை விரலால் சுண்டிச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றும். இப்போது இரண்டு ஒயர் நுனிகளையும் முறுக்கி ஒன்றாக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். பிசுக்கென்று பிடிக்கும், சீக்கிரம் நின்றுவிடும். எண்ணெய் போடவில்லை, பசை தடவவில்லை. பாதை கிடைத்ததும் கம்பியில் மின்சாரம் ஓடியது. ஓடிய மின்சாரம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்த்துப் பிடித்தது. இதை 1834இல் விதியாக எழுதி வைத்தவர் ரஷ்யாவில் வாழ்ந்த லென்ஸ் என்ற அறிஞர். மின்சாரம் இனாமாக வராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எவ்வளவு கரண்ட் எடுக்கிறீர்களோ அவ்வளவு கனமாகிறது தண்டு. வேகம் சற்றே குறைகிறது. கவர்னர் என்ற சிறு கருவி அதைக் கண்டுபிடித்து, கார்புரேட்டரின் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து பெட்ரோலை அதிகம் விடுகிறது. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான்.

ஆக ஜெனரேட்டரின் செலவில் இரண்டு பகுதி. ஓடுவதற்கே ஆகும் செலவு ஒன்று, அது குறையாது. வேலைக்கு ஆகும் செலவு இன்னொன்று. அது வேலையைப் பொறுத்துக் கூடும், குறையும்.

இதை எண்ணில் பார்ப்போம். ஹோண்டாவின் இ.யு.2200ஐ என்பது அமெரிக்காவில் விற்பனையாகும், கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஜெனரேட்டர். டேங்க் 3.6 லிட்டர். தொடர்ந்து 1800 வாட் கொடுக்கும். முழு லோடில் ஒரு டேங்க் 3.2 மணி நேரம் வரும், கால் லோடில் 8.1 மணி நேரம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. படித்ததும் என்ன தோன்றும்? "அடேயப்பா, கால் லோடில் எட்டு மணி நேரம்! இதுதான் சிக்கனம்" என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். முழு லோடில் 1800 வாட்டை 3.2 மணி நேரம் கொடுத்தால் 5.76 யூனிட். கால் லோடில் 450 வாட்டை 8.1 மணி நேரம் கொடுத்தால் சுமார் 3.6 யூனிட். அதே டேங்க், அதே பெட்ரோல். மெதுவாகக் குடித்தபோது கைக்கு வந்தது இரண்டு யூனிட்டுக்கு மேல் குறைவு!

இத்தனைக்கும் இது கெட்டிக்கார ஜெனரேட்டர். இன்வெர்ட்டர் வகை என்பார்கள். பிறக்கும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சுற்றால் அலைமின்சாரமாகத் திரும்ப வடிக்கும். எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. லோடு குறைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இவருக்கே இந்த நிலை என்றால், எப்போதும் 3000 சுற்றில் ஓடும் பழைய மாடல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாக வைத்தால், முழு லோடில் ஒரு யூனிட் சுமார் 62 ரூபாய்; கால் லோடில் கிட்டத்தட்ட 100 ரூபாய். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதே 100 யூனிட்டைக் கால் லோடு ஜெனரேட்டரில் எடுத்தால் பத்தாயிரம் ரூபாய்! ஈ.பி. கரண்டின் அருமை அது போன பிறகுதான் தெரியும்.

அப்படி ஒருமுறை வாரக் கணக்கில் போனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அதுவரை ஊருக்குக் குடிதண்ணீர்? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரை ஏற்றுவது மோட்டார். கரண்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை.

ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி பூராவும் தெருவிளக்கு எரிய அதை ஓட்டவில்லை. மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது, எஞ்சின் ஓடும் அந்த நேரத்திலேயே ஊர்க்காரர்களின் செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றுவது, பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவது. இயற்பியல் புத்தகம் பார்த்து அவர்கள் இதைச் செய்யவில்லை. டீசல் கிடைப்பது கஷ்டம், வாடகை கூடுதல், அடுத்த ஊரில் காத்திருக்கிறார்கள். ஆனாலும் செய்தது மிகச் சரியான இயற்பியல்: ஓடும்போது முழுதாக வேலை வாங்கு, வேலை இல்லாதபோது ஓட்டாதே.

இதற்குள் ஒரு தந்திரம் இருக்கிறது, கவனித்தீர்களா? மின்சாரத்தைச் சேமித்து வைப்பது கடினம். ஆனால் மின்சாரம் செய்து முடித்த வேலையைச் சேமித்து வைக்கலாம். மொட்டை மாடித் தொட்டியில் ஏறிய தண்ணீர், கரண்ட் போனாலும் அங்கேயேதான் இருக்கும். குழாயைத் திறந்தால் புவியீர்ப்பு விசை சம்பளம் வாங்காமல் இறக்கித் தரும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். கதவைத் திறக்காமல் வைத்தால் கரண்ட் இல்லாமலே சுமார் நான்கு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் இன்னும் நெடுநேரம் தாங்கும், ஏனென்றால் பனிக்கட்டி உருகுவதற்கு நிறைய வெப்பம் தேவை. ஆகவே ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டரை நாள் முழுக்க உறும விட வேண்டியதில்லை. இடையிடையே ஓட்டிக் குளிரை ஏற்றிக்கொண்டால் போதும். (ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து "குளிர் இருக்கிறதா?" என்று பார்க்கும் தம்பி இல்லாத வீடாக இருக்க வேண்டும்.)

ஃபேன் மட்டும் இந்தத் தந்திரத்துக்குள் வராது. பகலில் ஓடிய ஃபேனின் காற்றை ராத்திரிக்கு எடுத்து வைக்க முடியுமா?

"அதற்குத்தான் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதே!" என்று யாரோ சொல்வது கேட்கிறது. நல்ல யோசனை. வீடுகளில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கணக்கைப் போடுங்கள். 12ஐ 150ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடிகிற, அமிலமும் ஈயமும் நிறைந்த அந்தப் பெட்டிக்குள் இருப்பது, ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஜெனரேட்டர் எடுக்கும் கரண்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையோ முக்கால் கிலோ. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீணாக்கிய பிறகும் பெட்ரோல் ஏன் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை என்பது இப்போது புரிகிறதா?

ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு, ராத்திரிக்கு ஃபேன் போட்டுக்கொள்ளலாமே? இங்கே ஈய-அமில பேட்டரி முரண்டு பிடிக்கும். அது மெதுவாகத்தான் சாப்பிடும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு வழக்கமாக 15 ஆம்பியர் அளவில்தான் சார்ஜ் ஏற்றுவார்கள். நிரம்பப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. அவசரப்படுத்தினால் சூடாகிக் கெட்டுவிடும். லித்தியம் பேட்டரிக்கு இந்தப் பிடிவாதம் குறைவு. அதனால் ஜெனரேட்டரும் லித்தியம் பேட்டரியும் நல்ல ஜோடி. விலைதான் இடிக்கும்.

அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெரிய இரும்புக் கூண்டுக்குள் நிற்பவை டீசல் ஜெனரேட்டர்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கும். அதிகமாக இறுக்குவதால் வெப்பத்திலிருந்து அதிக வேலையைப் பிழிய முடிகிறது. நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசல் மூன்று யூனிட்டுக்கும் மேல் தரும். ஆனால் இவருக்கும் வெறுமனே ஓடுவது ஆகாது. லோடு குறைவாகவே நெடுநேரம் ஓடினால் எஞ்சின் போதிய சூடேறாமல், பாதி எரிந்த டீசல் கரியும் பிசினுமாகப் புகைக்குழாயில் படியும்.

மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர்களும் கடைவீதிகளில் இருந்தன. அவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பான குரலில் பேசப்போகிறேன். பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் வருகிறது. நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது, புயலுக்குத் தப்பிய பலர் கரண்ட் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர் புகையால் இறந்துபோனார்கள். மழை பெய்கிறதே, யாராவது திருடிவிடுவார்களே என்று ஜெனரேட்டரை வராண்டாவிலோ, படிக்கட்டுக்குக் கீழேயோ, கதவைத் திறந்து வைத்த அறையிலோ ஓட்டவே கூடாது. ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில். வீட்டுப் பெரியவர்கள் மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அதிகப்பிரசங்கியாக இருக்கலாம். சூடாக இருக்கும் ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றுவதும் கூடவே கூடாது.

இன்னொன்று, நேராக மின் ஊழியரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டர் ஒயரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் ஒயர் வழியே தெருவுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும். 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்கு இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கத்திலிருந்து கரண்ட் வந்தால் அதை 11,000 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்ன? இதற்காகத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறது. ஈ.பி. பக்கமோ ஜெனரேட்டர் பக்கமோ, ஏதாவது ஒன்றோடுதான் வீடு சேரும். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியே இல்லை.

கண்டிப்பு முடிந்தது. இனி உங்களுக்கு ஒரு கணக்கு.

கரண்ட் போன வீடு. வாசலுக்கு வெளியே, 20 அடி தள்ளி, 1800 வாட் ஜெனரேட்டர். அதை மீறினால் டிரிப் ஆகி நின்றுவிடும். வீட்டில் ஓட வேண்டியவை: அரை எச்.பி. தண்ணீர் மோட்டார், ஓடும்போது 500 வாட். ஃப்ரிட்ஜ், 150 வாட். மிக்ஸி, 500 வாட். 75 வாட் ஃபேன் இரண்டு. 15 வாட் செல்போன் சார்ஜர் மூன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 1345 வாட்தான், தாராளமாகத் தாங்கும். ஆனால் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் கிளம்புகிற முதல் சில கணங்களில் மட்டும் மூன்று மடங்கு இழுக்கும். நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்குவது இவற்றுக்குக் கஷ்டம்.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. ஃபேன்கள் சுற்றுகின்றன, போன்கள் சார்ஜ் ஏறுகின்றன. அப்பா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அக்கா போய் மோட்டார் சுவிட்சைப் போடுகிறாள். என்ன ஆகும்? எதை முதலில், எதை அடுத்து போட்டிருந்தால் தொட்டியும் நிரம்பி, சட்னியும் அரைபட்டிருக்கும்? பென்சிலை எடுங்கள்.